கீமோவுக்குப் பிறகு வெள்ளை கவுண்ட் இறங்கினால் என்ன செய்யிறது: யாழ்ப்பாணத்து வீடுகளுக்கு ஒரு முழு வழிகாட்டி

கீமோ ஏத்திப்போட்டு வீட்டை வந்த ஆளின்ர எஃப்பிசி எண்ட முழு இரத்தப் பரிசோதனை றிப்போட்டைக் கையில வைச்சுக்கொண்டு, "வெள்ளை கவுண்ட் 1.8 எண்டு கிடக்கு, இதை எப்பிடிக் கூட்டிறது, மாதுளம்பழம் குடுக்கலாமோ, பப்பாசி இலைச் சாறு குடுக்கலாமோ" எண்டுதான் எல்லாரும் முதல்ல கேக்கிறவை. என்னட்டைக் கேட்டால் கேள்வி தொடங்கிற இடமே பிழை. கவுண்ட் எண்டது இரத்தத்தில இருக்கிற வெள்ளை அணுக்களின்ர எண்ணிக்கை, அதைக் கூட்டிறது எலும்புக்குள்ள இரத்த அணுக்களைச் செய்யிற மச்சையின்ர வேலை, அது தன்ர நேரத்துக்குச் செய்யும், தேவையெண்டால் டொக்டர்மார் ஊசி போட்டு அதைத் தூண்டுவினம். வீட்டில இருக்கிற எங்களுக்கு ரெண்டு வேலைதான். கவுண்ட் கீழ கிடக்கிற நாளையில கிருமி உள்ள போறதை ஏலுமான வரைக்கும் தடுக்கிறது, அப்பிடியும் காய்ச்சல் வந்தால் நேரம் வீணாக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறது. இந்த ரெண்டாவது விசயத்திலதான் எங்கட ஆக்கள் கோட்டை விடுறவை, அதால அதைத்தான் இதில கூட எழுதப்போறன்.

நான் டொக்டர் இல்லை. மாமிக்கு மார்புப் புற்றுநோய்க்கு கீமோ நடக்கேக்க பக்கத்தில நிண்டனான், அப்ப டொக்டர்மாரும் நேர்ஸ்மாரும் சொல்லித் தந்ததையும் பிறகு தேடி வாசிச்சதையும் சேத்துத்தான் எழுதுறன். உங்கட கிளினிக்கில இதில இருந்து வேற மாதிரிச் சொன்னால் அவை சொல்லுறதைத்தான் கேக்கோணும், ஏனெண்டால் உங்கட ஆளின்ர மருந்தும் வருத்தமும் அவைக்குத்தான் தெரியும்.

படி 1: றிப்போட்டில எந்த நம்பரைப் பாக்கிறது

டெங்கு வந்து வந்து எங்கட ஊரில சின்னப் பிள்ளைக்கும் எஃப்பிசி எண்டால் என்னெண்டு தெரியும், ஆனால் எல்லாரின்ர கண்ணும் நேரா பிளேட்லெட்டுக்குத்தான் போகும். கீமோ எடுத்த ஆளுக்கு முதல்ல பாக்கவேண்டியது நியூட்ரோபில். வெள்ளை அணுக்களில கன வகை இருக்கு, அதில பக்டீரியாவோட முதல்ல சண்டைக்குப் போறது இந்த நியூட்ரோபில்தான்.

மொத்த வெள்ளை கவுண்ட் சாதாரணமா 4,000க்கும் 11,000க்கும் இடையில இருக்கும், சில லாப்பில அதையே 4 இல இருந்து 11 எண்டு போடுவினம், ஆயிரத்தால பெருக்கிப் பாருங்கோ. அதோட நியூட்ரோபில் எத்தினை வீதம் எண்டும் கிடக்கும். மொத்தத்தை அந்த வீதத்தால பெருக்கி நூறால பிரிச்சால் வாற நியூட்ரோபில் எண்ணிக்கையைத்தான் ஏஎன்சி எண்டு சொல்லுறது. உதாரணத்துக்கு வெள்ளை கவுண்ட் 1.6, நியூட்ரோபில் 35 வீதம் எண்டு வைச்சால், 1600ஐ 35ஆல பெருக்கி நூறால பிரிக்க 560. கன றிப்போட்டில இதை அவையே கணக்குப் போட்டு கீழ போட்டிருப்பினம், அப்பிடி இருந்தால் உங்களுக்கு வேலை மிச்சம்.

ஏஎன்சி 1500க்கு மேல எண்டால் பிரச்சினை இல்லை. 1000க்கும் 1500க்கும் இடையில எண்டால் கொஞ்சம் குறைவு. 500க்கும் 1000க்கும் இடையில எண்டால் கவனமா இருக்கோணும். 500க்குக் கீழ போனால் அதுதான் ஆபத்தான இடம், அதிலயும் எத்தினை நாள் அந்தக் கீழ கிடக்குதோ அத்தினைக்கு ஆபத்து கூடும். மொத்த கவுண்ட் 2.5 எண்டு ரெண்டு பேருக்கு ஒரே மாதிரி இருந்தாலும் ஒராளின்ர நியூட்ரோபில் 70 வீதமாயும் மற்றாளின்ரது 15 வீதமாயும் இருந்தால் அவையின்ர நிலைமை ஒண்டில்லை, அதால பக்கத்து வீட்டு அக்காவின்ர நம்பரோட ஒப்பிட்டுப் பாத்துப் பயப்பிடுறதையும் நிம்மதிப்படுறதையும் விடுங்கோ.

ஏன் இது மட்டும் இவ்வளவு கெதியா விழுது எண்டு கேட்டால், சிவப்பணு உடம்பில 120 நாள் மட்டில இருக்கும், பிளேட்லெட் ஒரு கிழமை பத்து நாள், நியூட்ரோபில் இரத்தத்தில சில மணித்தியாலம்தான் நிக்கும். ஒவ்வொரு நாளும் மச்சையில இருந்து புதுசு வந்தால்தான் உண்டு. கீமோ மருந்து கெதியா பிரியிற அணுக்களை அடிக்கிறது, மச்சையும் கெதியா பிரியிறதுதானே, அங்க உற்பத்தி நிண்டால் கடையில சாமான் முடிஞ்சு அடுத்த லொறி வருமட்டும் தட்டு வெறுமையாக் கிடக்கிற மாதிரித்தான்.

படி 2: கலண்டரில குறிக்கிறது

கீமோ ஏத்தின நாளை ஒண்டு எண்டு வைச்சு எண்ணுங்கோ. மூண்டு கிழமைக்கு ஒருக்கா ஏத்திற மருந்துகள் கனக்க, ஏழாம் நாளுக்கும் பதினாலாம் நாளுக்கும் இடையிலதான் கவுண்டை ஆகக் கீழ கொண்டுபோகும், பிறகு மெல்ல மெல்ல ஏறி 21ஆம் நாள் மட்டில அடுத்ததுக்குத் தயாராகும். அந்த மூண்டு கிழமை இடைவெளியே இதுக்காகத்தான் விடுறது. வீட்டில மாட்டி வைச்சிருக்கிற கலண்டரில அந்த எட்டு நாளையும் சிவப்புப் பேனையால வட்டம் போடுங்கோ, வீட்டில எல்லாருக்கும் தெரியிற இடத்தில.

இதில விளங்கிக்கொள்ளவேண்டியது, ஏத்தின அண்டைக்கும் அடுத்த ரெண்டு மூண்டு நாளும் ஆள் சத்தி, களைப்பு எண்டு படுத்திருப்பார், எல்லாரும் தாங்குவினம். பத்தாம் நாள் ஆள் எழும்பி நடந்து, வாய் ருசியும் வந்து, சந்தைக்குப் போட்டு வாறன் எண்டு நிப்பார், அப்பதான் கவுண்ட் ஆகக் கீழ. சுகமா இருக்கிற மாதிரித் தெரியிற நாள்தான் கவனிக்கவேண்டிய நாள்.

கிழமைக்கிழமை ஏத்திறவைக்கும், குளிசையாக் குடிக்கிறவைக்கும் இந்தக் கணக்கு அப்பிடியே பொருந்தாது. இரத்தப் புற்றுநோய்க்குக் கடுமையான கீமோ குடுத்தால் கிழமைக்கணக்கில கீழ கிடக்கும், கார்மஸ்டின், லோமஸ்டின் மாதிரி மருந்துகளுக்கு நாலு அஞ்சு கிழமை கழிச்சுத்தான் விழும். அதால "எங்கட ஆளுக்கு எந்த நாளையில ஆகக் குறையும்" எண்டு கிளினிக்கில நேரடியாக் கேட்டு எழுதிக்கொண்டு வாங்கோ.

படி 3: தேர்மாமீற்றர்

இதைச் சாமான் லிஸ்ட்டில முதலாவதாப் போடுங்கோ. நெத்தியில கையை வைச்சுப் பாத்து "கொஞ்சம் கணகணக்குது, காய்ச்சல் இல்லை" எண்டு சொல்லுறது இந்த நாளையில சரிவராது. ஃபார்மசியில டிஜிற்றல் தேர்மாமீற்றர் விக்குது, கண்ணாடி பாதரசம் உடைஞ்சால் வில்லங்கம், டிஜிற்றலே எடுங்கோ, கூட ஒரு பற்றறியும் வாங்கி வைச்சால் நல்லம்.

நாக்குக்குக் கீழ ஒரு பக்கமா வைச்சு வாயை மூடி, பீப் அடிக்குமட்டும் கதைக்காமல் இருக்கோணும். தேத்தண்ணியோ ஐஸ் தண்ணியோ குடிச்சிருந்தால் ஒரு 15 நிமிசம் கழிச்சுத்தான் பாக்கோணும், விடியக் கட்டிலில தேத்தண்ணி குடுத்துப்போட்டு உடன பாத்தால் எல்லாருக்கும் காய்ச்சல்தான். வாய்ப்புண்ணால வாயில வைக்க ஏலாட்டி கக்கத்தில வைக்கலாம், ஆனால் அதில காட்டுறது கொஞ்சம் குறைவா இருக்கும் எண்டதை ஞாபகம் வைச்சு, எங்க வைச்சுப் பாத்தனியள் எண்டதையும் எழுதுங்கோ. மலவாசலுக்குள்ள வைச்சுப் பாக்கிறது மட்டும் வேண்டாம், அந்த இடத்துத் தோல் கிழிஞ்சால் குடலில இருக்கிற கிருமி நேரா இரத்தத்துக்குள்ள போகும். அதே காரணத்துக்காக எனிமாவும், பின்னுக்கு வைக்கிற குளிசையும் டொக்டரைக் கேக்காமல் கூடாது.

விடிய ஒருக்கா, பின்னேரம் ஒருக்கா, உடம்பு ஒருமாதிரி இருக்குது எண்டால் உடன ஒருக்கா. மாமியின்ர கட்டிலுக்குப் பக்கத்தில ஒரு பழைய சிஆர் கொப்பி கிடந்தது, திகதி, நேரம், நம்பர், அவ்வளவுதான் அதில. வாட்டில கேக்கேக்க அந்தக் கொப்பியைத்தான் டொக்டர் வாங்கிப் பாத்தவர்.

நம்பர் இதுதான்: 38 செல்சியஸ், பாரன்ஹைட்டில 100.4. மருத்துவக் கணக்கில ஒருக்கா 38.3க்கு வந்தாலோ 38 ஒரு மணித்தியாலம் நிண்டாலோ காய்ச்சல் எண்டு எடுப்பினம், வீட்டில இருந்துகொண்டு அந்த நுணுக்கம் பாக்கத் தேவையில்லை, 100.4ஐத் தொட்டால் வெளிக்கிடுங்கோ.

சூடு பாக்கிறதுக்கு முதல் பனடோல் (பரசிற்றமோல்) குடுக்காதேங்கோ. இதை எத்தினை தரம் சொன்னாலும் காணாது. பனடோல் காய்ச்சலை மட்டும்தான் மறைக்கும், கிருமி தன்ர பாட்டுக்குப் பெருகிக்கொண்டிருக்கும், நாலு மணித்தியாலம் கழிச்சு ஆள் நடுங்கேக்கதான் தெரியவரும். தலையிடி எண்டாலும் முதல்ல தேர்மாமீற்றர், பிறகு பனடோல். ஐபுபுரோபன், ஆஸ்பிரின் எல்லாம் கேக்காமல் தொடவே வேண்டாம், கீமோவில பிளேட்லெட்டும் குறைஞ்சிருந்தால் அதுகள் இரத்தக்கசிவையும் கூட்டும்.

காய்ச்சல் இல்லாமலும் கிருமி உள்ள இருக்கலாம். சத்திக்கெண்டு டெக்சாமெதசோன் மாதிரி ஸ்ரீரொயிட் எடுக்கிறவைக்கும் வயசு போனவைக்கும் சூடு ஏறாமலே நிலைமை மோசமாகும். குளிர் பிடிச்சு நடுங்கிறது, மூச்சு வாங்கிறது, சலம் குறையிறது, எழும்ப தலை சுத்தி விழப்பாக்கிறது, சம்பந்தமில்லாமல் கதைக்கிறது, உடம்பு 36 செல்சியஸுக்கும் கீழ குளிர்ந்து போறது, இதில எது வந்தாலும் காய்ச்சல் வந்த மாதிரித்தான் எடுக்கோணும்.

படி 4: காய்ச்சல் வந்தால்

இனி முக்கியமான இடம். எங்கட ஊர்ப் பழக்கம் என்ன? காய்ச்சல் எண்டால் முதல் நாள் பனடோல், கொத்தமல்லித் தண்ணி, ரெண்டாம் நாளும் பாப்பம், மூண்டாம் நாள்தான் இரத்தம் பாக்கிறது, ஏனெண்டால் டெங்குவுக்கு அப்பிடித்தான் பழகியிருக்கிறம். மாரி தொடங்கி கார்த்திகை மார்கழியில ஊரெல்லாம் டெங்குக் காய்ச்சலா இருக்கேக்க இது இன்னும் கூடும், "டெங்குவாத்தான் இருக்கும், நாளைக்கு பாப்பம்" எண்டு. கீமோ எடுத்த ஆளுக்கு அந்த மூண்டு நாள் இல்லை. ஒரு நாளும் இல்லை. நியூட்ரோபில் இல்லாத உடம்பில கிருமி இரத்தத்துக்குள்ள போனால் சில மணித்தியாலத்திலயே பிறசர் விழுந்து ஆளை ஐசியூவுக்குக் கொண்டுபோற அளவுக்கு வரலாம். ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேந்து ஒரு மணித்தியாலத்துக்குள்ள நாளத்தால அன்ரிபயோற்றிக் ஏத்தோணும் எண்டதுதான் உலகத்தில எல்லா இடமும் வைச்சிருக்கிற இலக்கு. டெங்குவா இல்லையா எண்டதை அங்க வைச்சு அவை பாப்பினம்.

பக்கத்துத் தனியார் டிஸ்பென்சரியில அன்ரிபயோற்றிக் குளிசை வாங்கிப் போடுற ஐடியாவும் வேண்டாம். எந்த ஆளுக்கு ஆபத்து குறைவு, குளிசை காணும் எண்டு தீர்மானிக்கிறது ஆளைச் சோதிச்சு இரத்தமும் பாத்த பிறகு டொக்டர் செய்யிற வேலை.

முதலே எங்க போறது எண்டு தீர்மானிச்சு வைச்சிருங்கோ. முந்தி புற்றுநோய் எண்டால் எல்லாரும் கொழும்புக்குப் பக்கத்தில மகரகமையில இருக்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடோணும், 2011ல தெய்வேந்திரமுனையில இருந்து பருத்தித்துறை வரைக்கும் ஆக்கள் நடந்து சேத்த காசில தெல்லிப்பழையில புற்றுநோய் வைத்தியசாலை கட்டின பிறகு கன பேருக்கு அந்த அலைச்சல் குறைஞ்சிருக்கு. ஆனால் இரவு ரெண்டு மணிக்குக் காய்ச்சல் வந்தால் நேரா தெல்லிப்பழையோ, யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலையோ, இல்லாட்டி கிட்டடியில இருக்கிற ஆஸ்பத்திரியோ எண்டதைக் கிளினிக்கில பகலில கேட்டு வைச்சால்தான் அந்த நேரத்தில வீட்டுக்குள்ள வாக்குவாதம் வராது. மகரகமையில மருந்து ஏத்திப்போட்டு வந்திருக்கிறவையும் காய்ச்சலோட கொழும்புக்கு பஸ் ஏறப்படாது, கிட்டடியில இருக்கிற பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகோணும், அங்க இருந்து அவை கதைப்பினம்.

போறதுக்கு வாகனம்? முதலே ஒரு ஓட்டோக்கார அண்ணையிட்ட சொல்லி வையுங்கோ, சாமத்தில எடுத்தாலும் வருவார் எண்டு தெரிஞ்ச ஆளா. ஆள் தளர்ந்து போனார் எண்டால் 1990 அம்புலன்ஸுக்கு அடியுங்கோ, அது இலவசம். நெடுந்தீவு, நயினாதீவுப் பக்கம் இருக்கிறவைக்கு நான் சொல்லுறது, அந்தச் சிவப்பு வட்டம் போட்ட எட்டு நாளும் ஏலுமெண்டால் யாழ்ப்பாணத்தில சொந்தக்காரர் வீட்டில நில்லுங்கோ, படகு அதின்ர நேரத்துக்குத்தான் ஓடும், காய்ச்சல் நேரம் பாத்து வராது.

ஒரு பாக் கட்டி வையுங்கோ: கிளினிக் கொப்பி, கடைசி றிப்போட், குடிக்கிற குளிசையள் எல்லாம், ரெண்டு உடுப்பு, துவாய், போன் சார்ஜர், சுடுதண்ணிப் போத்தல். ஒரு சின்ன மட்டையில எழுதி கிளினிக் கொப்பியின்ர முன்பக்கத்தில ஒட்டுங்கோ, என்ன புற்றுநோய், என்ன மருந்து, கடைசியா ஏத்தின திகதி, எந்த மருந்துக்கு அலர்ஜி.

ஆஸ்பத்திரியில ஓபிடி (வெளிநோயாளர் பிரிவு) வரிசையில போய்க் குந்தாதேங்கோ. இதை எங்கட ஆக்கள் கூச்சத்தில செய்யிறவை, "எல்லாரும் இருக்கினம், நாங்கள் எப்பிடி இடையில போறது" எண்டு. கீமோ ஆளைச் சுத்தி இருமிற முப்பது பேர், அதே நேரம் மணித்தியாலமும் போகுது. நேரா அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போய் முதல் காணுற நேர்ஸிட்டயோ டொக்டரிட்டயோ ஒரே வசனத்தில சொல்லுங்கோ: "மிஸ், கீமோ ஏத்தி இண்டைக்குப் பத்தாம் நாள், காய்ச்சல் 101, வெள்ளை கவுண்ட் குறைஞ்சிருக்கும்." இதைக் கேட்டவுடன அவைக்கு விளங்கும். "காய்ச்சல்" எண்டு மட்டும் சொன்னால் நீங்களும் மற்றக் காய்ச்சல்காரரோடதான் நிப்பியள்.

அங்க இரத்தம் எடுத்து கல்ச்சருக்கு அனுப்புவினம், சலம் பாப்பினம், நெஞ்சு எக்ஸ்றே எடுப்பினம், அன்ரிபயோற்றிக் தொடங்குவினம், கல்ச்சர் றிசல்ட் வர ரெண்டு மூண்டு நாள் எடுக்கும் எண்டதால அதுக்குக் காத்திருக்கிறேல்லை. கன நேரங்களில என்ன கிருமி எண்டு கடைசி வரைக்கும் தெரியவராது, அது வழமைதான், மருந்து வேலை செய்தால் காணும். காய்ச்சல் விட்டு கவுண்டும் ஏறத் தொடங்க வீட்டை விடுவினம்.

படி 5: உடம்பு

இந்த நேரத்தில வாற தொற்று கனக்க வெளியில இருந்து வாறதில்லை, அந்த ஆளின்ரயே வாய், குடல், தோலில இருக்கிற கிருமிதான். அதால வீட்டை டெற்றோல் போட்டுக் கழுவுறதை விட ஆளின்ர வாயைப் பாக்கிறது பிரயோசனம்.

வாய்க்கு மெல்லிய பிறஷ், விடியவும் இரவும். வேப்பங்குச்சி, கரி, உமி எல்லாத்தையும் கொஞ்சக் காலத்துக்கு விடுங்கோ, முரசு கிழியும். ஒரு லீற்றர் கொதிச்சாறின தண்ணியில ஒரு தேக்கரண்டி உப்பும் ஒரு தேக்கரண்டி அப்பச்சோடாவும் கலந்து வைச்சு சாப்பிட்ட பிறகு ஒவ்வொருதரமும் கொப்பளிக்கோணும், அண்டண்டைக்குப் புதுசாக் கலக்கோணும். அற்ககோல் இருக்கிற மவுத்வோஷ் எரியும், வேண்டாம். பல்லுப் பிடுங்கிற வேலை இருந்தால் கீமோ தொடங்க முதல் முடிக்கிறது நல்லம், இடையில எண்டால் புற்றுநோய் டொக்டரைக் கேக்காமல் பல்லு டொக்டரிட்டப் போகாதேங்கோ.

கை கழுவுறது, சவர்க்காரம் போட்டு 20 செக்கன், சமைக்கிற ஆளும் பராமரிக்கிற ஆளும் சேத்துத்தான் சொல்லுறன். மலச்சிக்கல் வந்தால் முக்கிறதால உள்ள கிழியும், தண்ணி கூடக் குடிச்சும் சரிவராட்டி மருந்து கேளுங்கோ, கூச்சப்பட ஒண்டுமில்லை. ரொய்லெற் போட்டு முன்னுக்கு இருந்து பின்னுக்குக் கழுவுறது, மெதுவா ஒத்தி ஈரம் எடுக்கிறது.

வெட்டுக்காயம். திருவலையில தேங்காய் திருவுறது, நண்டு உடைக்கிறது, மீன் வெட்டுறது, றால் கோது கழட்டுறது, இதெல்லாம் வேற ஆள் செய்யட்டும். நண்டுக்கால் குத்தினது பெரிய காயமாத் தெரியாது, ஆனால் கடல் சாமானில இருக்கிற கிருமி லேசுப்பட்டதில்லை. இதில அம்மாமாரை இருத்தி வைக்கிறதுதான் கஷ்டம், மாமி குசினி வாசலில கதிரை போட்டு இருந்துகொண்டு, குழம்புக்கு எவ்வளவு புளி விடுறது எண்டு கட்டளை போட்டவா. வளவுக்குள்ள வெறுங்காலோட நடக்கிறதும், பூமரம் கொத்துறதும், சாணி அள்ளுறதும், கோழிக்கூடு கூட்டுறதும் நிப்பாட்டோணும், மண்ணிலயும் குப்பையிலயும் பூஞ்சணமும் கிருமியும் கிடக்கு. முடி கொட்டுதெண்டு மொட்டை அடிக்கிறதெண்டால் பிளேட் வேண்டாம், மெஷின் காணும். கையிலயோ நெஞ்சிலயோ மருந்து ஏத்திற லைன் போட்டிருந்தால் அந்த இடம் சிவந்தோ நொந்தோ இருந்தால், இல்லாட்டி அதைக் கழுவின உடன நடுக்கம் வந்தால், உடன காட்டோணும்.

படி 6: குசினி

முதல்ல ஒண்டு. மாதுளம்பழமோ பீற்றூட்டோ ஆட்டீரலோ நியூட்ரோபிலைக் கூட்டாது. ஈரலில இரும்புச்சத்து இருக்கு, அது சிவப்பணுக் கதை. பப்பாசி இலைச் சாறு டெங்குவுக்குக் குடுக்கிறதைப் பாத்து இதுக்கும் குடுக்கினம், பச்சையா அரைச்ச இலையில இருக்கிற ஊத்தையும், கீமோ மருந்தோட சேரேக்க ஈரலுக்கு வரக்கூடிய பாரமும்தான் மிச்சம். நாட்டு மருந்து எதையும் குடுக்கிறதெண்டால் டொக்டரிட்ட ஒளிக்காமல் சொல்லுங்கோ, பேசுவார் எண்டு ஒளிக்கிற ஆக்கள்தான் கனக்க.

அதேநேரம், ஒண்டும் பச்சையாத் தின்னக்கூடாது, பழமே கூடாது எண்டு ஆளைப் பட்டினி போடுறதும் பிழை. முந்தி அப்பிடி ஒரு கடும் பத்தியம் ஆஸ்பத்திரிகளிலயே இருந்தது, பிறகு ஆராய்ச்சி செய்து பாத்ததில அதால தொற்று குறைஞ்சதாத் தெரியேல்லை. முக்கியம் சுத்தமும் சூடும்தான்.

தண்ணி: கிணத்துத் தண்ணியை நல்லாக் கொதிக்க வைச்சு, கொதி வந்து ஒரு நிமிசமாவது விட்டு, மூடி ஆறவிட்டுக் குடிக்கோணும். கொதிக்கவைச்சால் கிருமிதான் சாகும், நைத்திரேற்றோ எண்ணெயோ போகாது, சுன்னாகம் பக்கத்துக் கிணறுகளில எண்ணெய் கலந்த பிரச்சினை எல்லாருக்கும் தெரியும்தானே, அப்பிடியான இடமெண்டால் போத்தல் தண்ணியோ குழாய்த் தண்ணியோ எடுத்துக் கொதிக்க வையுங்கோ.

பால்: போத்தலில வாற பசும்பால் நல்லாப் பொங்கக் காய்ச்சினால் சரி. முட்டை: வெள்ளையும் மஞ்சளும் இறுகுமட்டும் அவிக்கோணும். முட்டைக் கோப்பி வேண்டாம், நல்லெண்ணெயில பச்சை முட்டை அடிச்சுக் குடுக்கிற அப்பம்மாவையும் எப்பிடியாவது தடுத்து நிப்பாட்டுங்கோ, சத்துக்கெண்டு பாசத்திலதான் கொண்டு வருவா, ஆனால் பச்சை முட்டையில சல்மொனெல்லா இருக்கலாம். கூழ் நல்லாக் கொதிச்சு உடன குடிச்சால் பிரச்சினை இல்லை, ஆனால் எல்லாரும் சுத்தி இருந்து ஒரு சட்டியில அள்ளி ஊத்திற கூழில ஆளுக்கு முதல்ல தனியா எடுத்து வையுங்கோ, வாய்ப்புண் இருந்தால் அந்த உறைப்பும் தாங்காது. பழஞ்சோத்துக்கும் பழங்கஞ்சிக்கும் இப்ப விடுமுறை. சம்பல், அரைச்ச உடன சாப்பிட்டு முடிக்கோணும், விடிய இடிச்ச சம்பலைப் பின்னேரம் புட்டோட வைக்காதேங்கோ, தேங்காய்ப்பூ எங்கட வெக்கையில கெதியாப் பழுதாகும். கள்ளு, றோட்டுக்கரையில வெட்டி வைச்ச அன்னாசி, மாங்காய், ஐஸ் போட்ட சர்பத், கடைக் கண்ணாடிப் பெட்டிக்குள்ள எத்தினை மணிக்கு வைச்சதெண்டு தெரியாத ரோல்ஸ், ஒண்டும் வேண்டாம். இளநி வீட்டில கழுவி வெட்டி உடன குடிச்சால் சரி.

பழத்தில தோல் உரிக்கிறதுதான் சுகம், இதரை, கதலி, தோடம்பழம், கறுத்தக்கொழும்பான், எல்லாம் வெளித்தோலைக் கழுவிப்போட்டு உரியுங்கோ. நோயாளி பாக்க வாறவை கொண்டு வாற முந்திரிகைப்பழத்தை வடிவாக் கழுவுறது கஷ்டம், அது பிள்ளையளுக்கு.

சோறு கறி சமைச்சு ரெண்டு மணித்தியாலத்துக்கு மேல வெளியில கிடக்கக்கூடாது. பிறிட்ஜில வைச்சால் அடுத்த நாளைக்குள்ள ஆவி பறக்கச் சூடாக்கி ஒருக்கா மட்டும். கறன்ற் கனநேரம் நிண்டு போனால் பிறிட்ஜ் சாமானை ஆளுக்குக் குடுக்காதேங்கோ. பச்சை இறைச்சி மீன் வெட்டுற பலகை வேற, மரக்கறிப் பலகை வேற. சாப்பிட மனமில்லாட்டி கொஞ்சம் கொஞ்சமா ஆறுதரம் குடுங்கோ, மீன், முட்டை, பருப்பு, கடலை, புரதம் வேணும், மச்சை திரும்ப வேலை தொடங்க உடம்பில சத்து இருக்கோணும்.

படி 7: சனம்

எங்கட ஊரில வருத்தம் எண்டால் பாக்க வராட்டி கோவம், வந்தால் கூட்டம். சிவப்பு வட்ட நாளையில "டொக்டர் ஒருத்தரையும் விட வேண்டாமெண்டவர்" எண்டு சொல்லுங்கோ, டொக்டரின்ர பேரில பழியைப் போடுறதில ஒரு பாவமும் இல்லை. தடிமன், இருமல், வயித்தோட்டம் இருக்கிறவை படலைக்கு வெளிய. ஆவணியில கனடா லண்டனில இருந்து வாற சொந்தங்கள் பிளேன் காய்ச்சலோட நேரா கட்டிலடிக்கு வந்து கட்டிப்பிடிச்சு அழுவினம், அவையை ரெண்டு மூண்டு நாள் கழிச்சு, மாஸ்க்கோட, விறாந்தையில இருந்து கதைக்கச் சொல்லுங்கோ.

நல்லூர் திருவிழா 25 நாளும் கீமோவோட சேர்ந்து வந்தால், தேர் தீர்த்தம் ரீவியிலயும் போனிலயும் பாக்கலாம், கவுண்ட் ஏறின கிழமையில சனமில்லாத பொழுதில, மாஸ்க்கும் போட்டுக்கொண்டு போய்க் கும்பிட்டு வரலாம். கோயிலுக்குள்ள வெறுங்கால்தான், காலில வெடிப்போ புண்ணோ இருந்தால் வெளிவீதியோட நில்லுங்கோ. கலியாணவீடு, சாமத்தியவீடு, செத்தவீடு எல்லாத்துக்கும் வீட்டில இருந்து வேற ஆள் போகட்டும். ஆளை அறைக்குள்ள பூட்டி வைக்கச் சொல்லேல்லை, பின்னேரம் செருப்புப் போட்டு முத்தத்தில நடக்கிறது உடம்புக்கும் மனசுக்கும் நல்லம்.

வீட்டிலயோ பக்கத்து வீட்டிலயோ கொப்புளிப்பான் வந்தால் வேப்பிலை கட்டிப்போட்டுச் சொல்லாமல் இருக்கிற பழக்கம் இன்னும் இருக்கு. கீமோ ஆள் கிட்டப் போயிருந்தால் அண்டைக்கே கிளினிக்குக்கு அறிவியுங்கோ, வருத்தம் வர முதலே குடுக்கிற மருந்து இருக்கு, பிந்தினால் பிரயோசனம் குறைவு. கீமோ ஆளுக்கு உயிருள்ள வைரஸ் தடுப்பூசிகள் போடக்கூடாது, எம்எம்ஆர் (சின்னமுத்து, கூகைக்கட்டு, ருபெல்லா ஊசி), கொப்புளிப்பான் ஊசி எல்லாம் அதுக்குள்ள வரும். ஃபுளூ ஊசி செத்த வைரஸ், அது போடலாம், எப்ப எண்டு டொக்டரைக் கேளுங்கோ. வீட்டுப் பிள்ளையளின்ர ஊசியளைப் பிந்தாமல் போடுறது ஆளுக்கும் பாதுகாப்பு.

மாரியில வெள்ளத்துக்குள்ள இறங்காதேங்கோ. 2024 மார்கழியில எலிக்காய்ச்சல் இஞ்ச ஆக்களைச் சாகடிச்சது மறந்திருக்காது. நுளம்பு வலை வருசம் முழுக்க.

படி 8: கவுண்ட் ஏத்திற ஊசி

எல்லாருக்கும் இது தேவைப்படாது. கடுமையான மருந்து எடுக்கிறவை, 65 வயசுக்கு மேல, போனமுறை காய்ச்சலோட அட்மிட் ஆனவை, இவைக்குத்தான் கனக்கப் போடுறது. பில்கிராஸ்டிம் எண்டால் ஒவ்வொரு நாளும் போடோணும், சில நாளைக்குத் தொடர்ந்து. பெக்பில்கிராஸ்டிம் ஒரு கீமோவுக்கு ஒரு ஊசி. ரெண்டுமே கீமோ முடிஞ்சு 24 மணித்தியாலத்துக்குப் பிறகுதான், அதுக்குள்ள போட்டால் புதுசா வாற அணுக்களையும் மருந்து அடிச்சுப்போடும்.

ஊசியை 2க்கும் 8 செல்சியஸுக்கும் இடையில வைக்கோணும். பிறிட்ஜ் கதவிலயும் வேண்டாம், ஐஸ் பெட்டிக்குப் பக்கத்திலயும் வேண்டாம், நடுத்தட்டில. உறைஞ்சால் பழுது. ஃபார்மசியில இருந்து கொண்டுவரேக்க ஐஸ் பக்கற்றைத் துணியில சுத்தி வைச்சு, ஊசிப் பெட்டி ஐஸில நேரா முட்டாமல் கொண்டு வாங்கோ. போட அரை மணித்தியாலத்துக்கு முதல் வெளியில எடுத்து வைச்சால் நோவு குறைவு, குலுக்கக்கூடாது. வயித்திலயோ தொடையிலயோ இடம் மாத்தி மாத்தி. பாவிச்ச ஊசியை மூடி வைச்ச தடிச்ச பிளாஸ்ரிக் போத்தலுக்குள்ள போடுங்கோ.

முதுகு, இடுப்பு, தொடை எலும்பெல்லாம் இடிச்ச மாதிரி நோகும், மச்சை வேலை செய்யிற நோதான் அது. சூடு பாத்துப்போட்டு பனடோல் போடலாம், சிலருக்கு லோரட்டடின் எண்ட அலர்ஜிக் குளிசை குடுக்கிறவை. இடப்பக்க மேல்வயிறு கடுமையா நொந்தால், அல்லது இடத் தோள்மூட்டில நோவு வந்தால் மட்டும் உடன போகோணும், மண்ணீரலுக்கு அரிதா வாற பிரச்சினை. ஊசி போடேக்க றிப்போட்டில வெள்ளை கவுண்ட் திடீரெண்டு இருபதாயிரம் எண்டு காட்டும், அதுக்குப் பயப்பிடத் தேவையில்லை, இறங்கும்.

படி 9: கீமோ தள்ளிப்போனால், முடிஞ்ச பிறகும் குறைவா இருந்தால்

அடுத்த கீமோவுக்குப் போனால் "கவுண்ட் காணாது, வாற கிழமை வாங்கோ" எண்டு அனுப்புவினம். கன மருந்துகளுக்கு ஏஎன்சி 1000 அல்லது 1500, பிளேட்லெட் ஒரு லட்சம் வேணும். ஆக்கள் இதைக் கேட்டு வருத்தம் கூடிப்போச்சு எண்டு அழுறவை, ஒரு கிழமை பிந்துறது வழமையா நடக்கிற விசயம். திரும்பத் திரும்ப நடந்தால் மருந்தைக் கொஞ்சம் குறைப்பினம், இல்லாட்டி ஊசி சேர்ப்பினம், எது எண்டு கேளுங்கோ, கேக்கிறதுக்கு உரிமை இருக்கு.

சிகிச்சை எல்லாம் முடிஞ்ச பிறகு நியூட்ரோபில் சில கிழமையில சரியாகும், லிம்போசைற் எண்ட மற்ற வகை மாதக்கணக்கில குறைவாக் கிடக்கலாம், இடுப்பெலும்புப் பக்கம் கதிர் அடிச்சவைக்கு இன்னும் நாள் எடுக்கும். ரிட்டுக்சிமாப் எண்ட மருந்து எடுத்தவைக்கு மாதங்கள் கழிச்சும் ஒருக்கா விழலாம். நாலு அஞ்சு மாதம் போயும் ஏறாமல் நிண்டாலோ, ஏறினது திரும்ப இறங்கினாலோ, வேற குளிசை ஏதும் காரணமோ, தைரொயிட்டுக்குக் குடிக்கிற கார்பிமசோல் மாதிரி, பி12 குறைவோ, மச்சையிலயே பிரச்சினையோ எண்டு பாக்கோணும். அதுக்குத்தான் பழைய றிப்போட் எல்லாத்தையும் திகதி வாரியா ஒரு ஃபைலில போட்டு வைக்கச் சொல்லுறது, ஒரு நம்பரை விட அது போற திசையைத்தான் டொக்டர் பாப்பார்.

மகரகமைக்குப் போறவை, வெளிக்கிட முதல் நாள் இஞ்சயே எஃப்பிசி பாத்து, அதைப் போனில கிளினிக்குக்குச் சொல்லிக் கேக்க ஏலுமோ எண்டு கேட்டுப் பாருங்கோ. கவுண்ட் காணாதெண்டால் இரவிரவா பஸ்ஸில போய்த் திரும்பி வாற வேலை மிச்சம், பஸ்ஸுக்குள்ள இருமிற ஆக்களுக்கு நடுவில எட்டு மணித்தியாலம் இருக்கிறதும் மிச்சம்.